ஏசியில் தண்ணீர் ஒழுகினால் முதலில் வெளியே இருக்கும் வாளியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு கும்பகோணத்தில். மாடிப் படுக்கையறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, வாங்கி 3 வருடம் ஆகிறது. ஒரு வாரமாக ராத்திரியில் இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டிச் சுவர் ஊறிப்போகிறது. குளிர்ச்சியில் குறையில்லை. டிரெயின் பைப்பை வெளியே ஒரு வாளிக்குள் விட்டுவைத்து, அந்தத் தண்ணீரைத் துளசிக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுவேன். இப்போது வாளி பாதிகூட நிறைவதில்லை. பார்க்க வந்த மெக்கானிக் "கேஸ் குறைந்துவிட்டது, 3,200 ரூபாய் ஆகும்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பைப்புக்குள் ஆசிட் ஊற்றச் சொல்கிறார். என்ன செய்வது? இனி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: 3,200 ரூபாயைக் கொடுக்காதீர்கள் அம்மா. ஆசிட்டையும் ஊற்றாதீர்கள். ஏசிக்கு என்ன ஆயிற்று என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். குளிர்ச்சி குறையவில்லை, வாளி மட்டும் நிறையவில்லை. அப்படியென்றால் டிரெயின் பைப் அடைத்திருக்கிறது. செம்பருத்திக்குப் போக வேண்டிய தண்ணீர் சுவரில் இறங்குகிறது.

ஐஸ் போட்ட மோர்ச் சொம்பு வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏசிக்குள் நடப்பதும் அதுதான். அறைக் காற்றிலுள்ள ஈரம், இன்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் காயில் என்கிற குளிர்ந்த குழாய்ச் சுருளில் பட்டு நீராகி, கீழே இருக்கும் டிரேயில் விழுந்து, பைப் வழியாக வெளியே போகிறது. தள்ளிவிட பம்பு எதுவும் கிடையாது, சரிவு ஒன்றுதான். நம் பக்கம் புழுக்கமான ராத்திரியில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு 1 முதல் 2 லிட்டர் வரை தண்ணீர் விடும். அந்த டிரேயோ விரல் ஆழத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால். பைப் அடைத்தால் கொஞ்ச நேரத்தில் கரை புரண்டுவிடும். வயல் வைத்திருப்பவர்கள் வடிகாலை மறக்க மாட்டார்கள். ஏசி மாட்டுகிறவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

எது அடைக்கிறது? பெரும்பாலும் நாம் பாசி என்று சொல்லும் பூஞ்சை, நுண்ணுயிர்ச் சேறுதான். திருவையாறு பக்கம் ஒரு வீட்டில் பைப்பின் வெளி முனையில் உறிஞ்சியபோது, ஆறவைத்த ஜவ்வரிசிக் கஞ்சி போலப் பழுப்பாக, வழுவழுவென்று ஒரு சாண் நீளத்துக்கு ஒன்று வந்து விழுந்தது. உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தால் நடுவில் உமித்தூசியும் தலைமுடியும். தூசி, ஈரம், இருட்டு மூன்றும் சேர்ந்தால் அது வளராமல் என்ன செய்யும்?

டெல்டாவில் இதற்கு ஒரு பருவமே உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை. மிஷின் ஓடும், களத்தில் நெல் காயும், ரைஸ் மில் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தத் தூசி காயிலிலும் டிரேயிலும் படிந்து காய்ந்து கிடக்கும். அப்போது ஏசி ஓடாது என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். காய்ந்து கிடக்கும் பைப் முனையில் குளவி மண்கூடு கட்டிவிட்டுப் போயிருக்கும். பங்குனியில் ஏசியைப் போட்டதும் முதல் தண்ணீர் இறங்கி எல்லாவற்றையும் சேறாக்கும். சித்திரையில் என் போன் ஓயாது. அதனால் மாசிக் கடைசியில், ஏசியைப் போடும் முன்னால், ஒரு தடவை டிரேயையும் பைப்பையும் அலசச் சொல்லிவிடுங்கள். ஃபில்டரை 15 நாளுக்கு ஒரு முறை குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். இந்த இரண்டையும் செய்கிற வீடுகளுக்கு நான் போக வேண்டி வருவதே அபூர்வம்.

இப்போதைக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன். ஏசிக்கு மின்சாரம் வரும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. வெளியே போய்ப் பைப் முனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாளிக்குள் விட்டுவைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முனை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் பைப்புக்குள் காற்று மாட்டிக்கொண்டு, அடைப்பே இல்லாவிட்டாலும் தண்ணீர் இறங்கத் திணறும். வெளியே எடுத்துத் தொங்க விடுங்கள். முனையில் மண் தெரிந்தால் கம்பியால் கொக்கி போட்டு வெளியே இழுங்கள். உள்ளே குத்தாதீர்கள்.

அடுத்து உறிஞ்ச வேண்டும். ஈரத்தையும் இழுக்கிற வாக்குவம் கிளீனர் கார் வாட்டர் வாஷ் கடைகளில் இருக்கும், மெக்கானிக் சிலரும் வைத்திருக்கிறார்கள். அதன் வாயையும் பைப் முனையையும் ஈரத்துணியால் சுற்றிப் பிடித்து இரண்டு மூன்று நிமிடம் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். சைக்கிள் பம்பு வைத்து வெளியிலிருந்து ஊதக் கூடாது. சேறு டிரேக்கே திரும்பிப் போகும், சில சமயம் சுவருக்குள் இருக்கும் ஜாயின்ட் கழன்றுவிடும். அப்புறம் சுவரை உடைக்க வேண்டியதுதான்.

பைப் திறந்துவிட்டதா என்று பார்க்க, எம்.சி.பி. அணைந்தபடியே இருக்க, முன் மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீரைக் காயில் மேல் மெல்ல வழிய விடுங்கள். எலெக்ட்ரிக் பாகங்கள் பெரும்பாலும் வலது ஓரத்தில் இருக்கும், அதனால் இடது பக்கமாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே தண்ணீர் ஒழுக வேண்டும். ஸ்டூலில் ஏறும் வேலையை வீட்டில் இளையவர்கள் யாரிடமாவது விடுங்கள்.

இனி கேஸ் விஷயம். 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டவர்களிடம் கேஸ் விற்பதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. ஏசி கேஸ் சமையல் கேஸ் போல எரிந்து தீர்வதில்லை. செம்புக் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். "கேஸ் குறைவு" என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே கசிகிறது, சோப்பு நுரை வைத்துக் காட்ட முடியுமா? வாக்குவம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஏற்றுவீர்களா? எடை மிஷின் கொண்டு வந்திருக்கிறீர்களா? எத்தனை கிராம் கேஸ் என்று அவுட்டோர் யூனிட்டின் லேபிளிலேயே அச்சடித்திருக்கும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

கேஸ் குறைந்து தண்ணீர் ஒழுகுவதே கிடையாதா என்றால், உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஒன்றைக் காட்டித்தான் எல்லோரிடமும் காசு பறிக்கிறார்கள். கேஸ் குறைந்தால் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, அதன் மேல் ஐஸ் கட்டும். அந்த ஐஸ் உருகும்போது டிரேக்கு வெளியே எல்லாம் சொட்டும். ஆனால் அதற்கு அடையாளங்கள் வேறு. அறை குளிராது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் காயிலில் வெள்ளை வெள்ளையாக ஐஸ் தெரியும். அவுட்டோர் யூனிட்டில் மெல்லிய குழாய் சேரும் இடத்தில் வெண்பனி பூத்திருக்கும். ஏசியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கொட்டிக்கொண்டே இருக்கும். இவை எல்லாம் இருந்தால்கூட உடனே கேஸ் என்று முடிவு கட்டாதீர்கள். ஃபில்டர் அடைத்துக் காற்று போகாவிட்டாலும் இதே ஐஸ் கட்டும். காயிலில் அழுக்கு அப்பியிருந்தாலும் கட்டும், உள்ளே காற்றாடி மெதுவாகச் சுற்றினாலும் கட்டும். ஆகவே முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள், பிறகு காயிலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பிறகு காற்றாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால்தான் கேஸ் பேச்சு. உங்கள் வீட்டில் அறை நன்றாகக் குளிர்கிறது. ஐஸ் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அந்தப் பேச்சுக்கே இங்கே இடமில்லை.

ஜெட் சர்வீஸிலும் ஒரு கோளாறு இருக்கிறது. காயிலைத் தண்ணீர் பீய்ச்சிப் பளபளவென்று கழுவிவிட்டுப் போவார்கள். அந்த அழுக்கு எங்கே போகும்? டிரேக்கும் பைப்புக்கும்தான். பதினைந்து நாளில் ஒழுக ஆரம்பிக்கும். காசு கொடுக்கும் முன்னால் வெளியே பைப்பில் தெளிந்த தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடைப்புகளில் பாதி, ஏசியை மாட்டிய அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. வெளியே ஓடும் பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிய வேண்டும். பல வீடுகளில் அந்த நெளிவுப் பைப் நடுவில் தூளி மாதிரி தொங்குகிறது. தொங்கும் இடத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கும் இடத்தில் பாசி பிடிக்கும். ஏசி மாட்டுகிற பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐடிஐயில் இரண்டு வருடம் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். ஒரு மிஷினுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, சித்திரை வெயிலில் ஒரே நாளில் நாலைந்து வீடு மாட்ட வைத்தால் ரசமட்டம் வைக்க அவர்களுக்கு ஏது நேரம்? கம்பெனிக்குப் போன் போட்டால் பைப் அடைப்பு வாரண்டியில் வராது என்பார்கள், மாட்டியவரைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்பார். அதனால் இந்தச் செலவை நீங்களே செய்துவிடுங்கள். நெளிவுப் பைப்பைக் கழற்றிவிட்டு முக்கால் இன்ச் பிவிசி குழாயைச் சரிவாகப் போட்டுக் கிளாம்ப் அடித்துவிட்டால் வருடக்கணக்கில் தொல்லை இருக்காது. உள்பக்கம் வழவழப்பாக இருப்பதால் பாசிக்கும் பிடிமானம் குறைவு. குழாயைக் கழிவறை லைனில் மட்டும் சேர்க்க விடாதீர்கள், படுக்கையறைக்கு நாற்றம் ஏறும்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் காயிலின் தகடுகள் அலுமினியம், குழாய் செம்பு. கழிவறை ஆசிட்டின் புகையே அவற்றை அரித்துவிடும், அப்போதுதான் கேஸ் நிஜமாகவே கசியும். பிளீச்சிங் பவுடரும் கொதிநீரும் வேண்டாம். மாதம் ஒருமுறை மேலே சொன்ன மாதிரி ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் விட்டுப் பார்ப்பதே போதும்.

வாளியை எடுத்துவிட வேண்டாம். பைப் முனை வாளியின் விளிம்புக்கு நாலு விரல் மேலே நிற்கும்படி ஒரு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்கு நல்லது. குடிக்கவும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் மட்டும் வேண்டாம். அடைப்பை எடுத்த மறுநாள் காலையில் வாளி எந்த மட்டம் வரை நிறைந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். புழுக்கமான ராத்திரிக்குப் பிறகும் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே நின்றால், சுவர் நனையும் முன்பே பைப்பைப் பார்த்துவிடலாம்.