வாந்தி எடுப்பவனை வேனில் ஏற்றிவிடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. வலி மாத்திரைப் பழக்கத்துக்காக ஒரு மையத்தில் மூன்று மாதம் வைத்திருந்தோம். வந்த பிறகு மாத்திரையைத் தொடவில்லை. ஆனால் ராத்திரியில் தட்டுவடை செட், பரோட்டா என்று அடுக்கிச் சாப்பிட்டுவிட்டு, பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு வாந்தி எடுக்கிறான். தொப்பை விழுந்துவிடுமாம். ஏற்காட்டில் ஓர் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் குணப்படுத்துவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா?
- ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அனுப்ப வேண்டாம் அம்மா. அந்தத் தெரிந்தவர் ஏற்பாடு செய்யும் வண்டியில் நிச்சயமாக வேண்டாம்.

முதலில் பையன் விஷயம். மாத்திரை போட்ட காலத்தில் அவனுக்குப் பசி செத்துக் கிடந்தது. விட்டதும் பசி திரும்பும், இனிப்புக்கும் எண்ணெய்ப் பண்டத்துக்கும் நாக்கு அலையும், உடம்பு போடும். "நல்லா தேத்தி அனுப்பிட்டாங்க போல" என்று தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். மனசு தாங்காத நேரத்தில் முன்பு மாத்திரை செய்த வேலையை இப்போது சாப்பாடும் வாந்தியும் செய்கின்றன. இது உண்ணுதல் கோளாறு. திமிர் என்று திட்டாதீர்கள்.

உடனே பார்க்க வேண்டியது பொட்டாசியம். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் அது குறையும். ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு இசிஜி, அவ்வளவுதான். இதற்கே அலைய விடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போதைக்குப் பார்ப்பவர் வயிற்று டாக்டரிடம் போகச் சொல்வார். வயிற்று டாக்டர் அல்சர் மாத்திரை எழுதி, எண்டோஸ்கோப்பிக்குத் தேதி கொடுப்பார். ஒரே ஆளுக்கு இரண்டு நோய் இருந்தால் எங்கள் துறையில் யார் மேஜைக்கும் அந்தச் சீட்டு சொந்தமில்லை. "இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்" என்று நீங்கள்தான் விடாமல் கேட்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். கஞ்சாவும் உண்டா? வருஷக்கணக்காகத் தினமும் கஞ்சா அடிப்பவர்களில் சிலருக்கு வாந்தி தானாகவே வரும். தொப்பை பயமெல்லாம் அங்கே இருக்காது. சாப்பிட ஆசைப்படுவான், தங்காது, வயிறு வலிக்கும். வெந்நீரில் நின்றால் அடங்கும் என்று ஒரே நாளில் நாலைந்து தடவை குளிப்பான். குமட்டலுக்கு மருந்து என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அடிப்பான், அது இன்னும் மோசமாக்கும். கஞ்சாவை முழுசாக நிறுத்தினால்தான் நிற்கும். அதற்கும் சில வாரங்கள் ஆகலாம், திரும்பத் தொட்டால் திரும்ப வரும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனாலும் வீட்டில் கீசர் எவ்வளவு ஓடுகிறது என்று கவனியுங்கள்.

இப்போது அந்தத் தெரிந்தவர். இவர்களில் பலருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். அதே மையத்தில் முன்பு இருந்தவர், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர், மருந்துக்கடைக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். மூன்று மாதப் பணத்தை முன்னாடியே கேட்பார்கள். ராத்திரி நாலு பேர் வந்து பையனை வேனில் தூக்கிப் போடுவார்கள். ஒரு மாதம் பார்க்க வரக் கூடாது என்பார்கள். குளுகுளு மலை, மனசு மாறும் என்று விளம்பரம் வேறு. மலைக் காற்று பொட்டாசியத்தை ஏற்றாது. இந்த மாதிரி இடங்களில் வாந்தியை ஒழுங்கீனம் என்று சொல்லிச் சாப்பாட்டை நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் மிரட்டித் திணிப்பார்கள். இரண்டுமே ஆபத்து.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட மையம் பதிவு இல்லாமல் நடக்கக் கூடாது, யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. சட்டம் புத்தகத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மீறுகிறவர்களை யார் எப்போது போய்ப் பார்க்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எந்த மையமானாலும் பதிவுச் சான்றை நேரில் பாருங்கள். மனநல மருத்துவர் யார், எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள். அப்புறம் சமையல்கட்டைக் காட்டச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தால் அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிடுங்கள்.

வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி. மூன்று, நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. பகலில் பட்டினி கிடந்தால் ராத்திரி அடுக்கத்தான் செய்வான். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் யாராவது கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், காவல் காக்கிற மாதிரி இல்லாமல். வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் தேய்க்க விடாதீர்கள், பல் அரித்துப்போகும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும். பேதி மாத்திரை, எடை குறைக்கும் பொடி எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம்.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மருத்துவமனைக்குப் போகும்போது பழைய மையத்தின் டிஸ்சார்ஜ் சீட்டும் அவன் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். சீட்டே தரவில்லை என்றால் போய்க் கேட்டு வாங்குங்கள். பையன் தன் மருத்துவப் பதிவைக் கேட்க அவனுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.