நியூ மெக்சிகோவில் குடும்பங்கள் நடத்தும் உணவகங்களை எப்படி எடைபோடுவது? எங்கே சாப்பிடலாம்?

கேள்வி கேட்டவர் வேலை மாறி அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள அல்புகர்க்கி நகரத்துக்கு வருகிறார். சங்கிலிக் கடைகள் வேண்டாம், அந்த ஊர்க் குடும்பங்கள் நடத்தும் சின்ன உணவகங்களில்தான் சாப்பிட வேண்டும் என்கிறார். ஆனால் ஒரே கடைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரமும் இன்னொருவர் ஒரே ஒரு நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார்கள், எதை நம்புவது என்பதுதான் அவர் சந்தேகம். நான் இங்கே பல வருடமாகக் குடியிருக்கிறேன், சாப்பிட்ட இடங்களைப் பற்றி இணையத்தில் எழுதியும் வருகிறேன், அந்த அனுபவத்தில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், சிவப்பு மிளகாய்க் குழம்பைச் சாப்பிட்டுப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் அந்தச் சமையலறையில் மற்றதும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அது சரியில்லை என்றால் சுவரில் எத்தனை பழைய குடும்பப் படங்கள் மாட்டியிருந்தாலும் பயனில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நியூ மெக்சிகோ சாப்பாட்டை டெக்சாஸ் பக்கத்து டெக்ஸ்-மெக்ஸோடு (அங்கே உருவான மெக்சிகோ பாணிச் சாப்பாடு) சேர்த்துப் பார்ப்பதுதான் பாதி விமர்சனங்களின் கோளாறு. ஸ்பானியர்கள் 1598இல் இங்கே வந்து குடியேறினார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த மண்ணின் பூர்வகுடிகளான புவெப்ளோ மக்கள் மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டும் கலந்து, மெக்சிகோ நகரத்திலிருந்து மாதக்கணக்கில் வண்டி ஓட்டி வரவேண்டிய தூரத்தில், தனியாக வளர்ந்த சமையல் இது. அதனால்தான் நீல மக்காச்சோள டோர்ட்டியா (சப்பாத்தி மாதிரித் தட்டை ரொட்டி), சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்த சோளத்தைப் பன்றி இறைச்சியோடு வேகவைக்கும் பொசோலே, சிவப்பு மிளகாய் விழுதில் ஊறி மெதுவாக வெந்த பன்றி இறைச்சியான கார்னே அடோவாடா எல்லாம் இங்கே அன்றாடச் சாப்பாடு. டோர்ட்டியாவில் சீஸோ இறைச்சியோ வைத்துக் குழம்பு ஊற்றும் என்சிலாடாவைக்கூடப் பல வீடுகளில் சுருட்டுவதில்லை, தட்டையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே ஒரு பொரித்த முட்டை வைப்பார்கள். இது எல்லாவற்றுக்கும் மேல் வந்து விழுவது மிளகாய்க் குழம்பு. ஓரமாகத் தொட்டுக்கொள்ளும் சாஸாக நினைத்து ஒதுக்கி வைத்துவிட்டால் சாப்பாட்டையே ஒதுக்கியது போலத்தான். பரிமாறுபவர் கேட்கும் முதல் கேள்வி 'சிவப்பா, பச்சையா?' என்பதாகத்தான் இருக்கும். 1996இல் மாநிலச் சட்டமன்றம் இதையே அதிகாரபூர்வ மாநிலக் கேள்வியாக அறிவித்தது. இரண்டும் வேண்டும் என்றால் 'கிறிஸ்மஸ்' என்று சொல்ல வேண்டும்.

சிவப்பும் பச்சையும் ஒரே செடியின் காய்தான். பச்சையாகப் பறித்தால் ஒன்று, செடியிலேயே பழுக்கவிட்டுக் காயவைத்தால் மற்றொன்று. சிவப்புக் குழம்பில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. காய்ந்த மிளகாயின் காம்பையும் விதையையும் நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டும் உப்பும் கொஞ்சம் ஓரிகானோவும் சேர்த்து அரைத்து வடிகட்டிக் கொதிக்க விடுவார்கள், அவ்வளவுதான். புளி இல்லை, மல்லி இல்லை, பெரும்பாலும் தக்காளியும் இல்லை. சீரகம் போடுவதா கூடாதா என்பதில் இங்கே குடும்பத்துக்குக் குடும்பம் சண்டை உண்டு, பழைய ஆட்கள் பலர் கூடவே கூடாது என்பார்கள். இன்னொரு வழி, மிளகாய்த் தூளைக் கொழுப்பில் மாவோடு சேர்த்து வறுத்துத் தண்ணீர் விட்டுக் கரைப்பது. இதுவும் நல்ல வழிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூள் சற்று கருகிவிட்டால் குழம்பு முழுக்கக் கசப்பு ஏறிவிடும், தாளிக்கும்போது மிளகாய்த்தூளைக் கருகவிட்ட யாருக்கும் அந்த வாசனை தெரியும். அப்புறம் தட்டு வந்ததும் பாருங்கள்: குழம்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்து, ஆறும்போது அப்படியே திரண்டு நடுங்கினால் சோள மாவைக் கொட்டிக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். நல்ல குழம்பு செங்கல் நிறத்தைவிடக் கருஞ்சிவப்பாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும். வாயில் முதலில் இனிப்பு, பிறகு மண்வாசனை, காரம் கடைசியில் மெதுவாக ஏறும்.

நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காரத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள். இங்கே அதிகம் பயிராகும் வகைகள் காரத்தில் குண்டூர் மிளகாய்க்குப் பக்கத்திலேயே வராது, நிறத்துக்கும் மணத்துக்கும்தான் வளர்க்கப்பட்டவை. நியூ மெக்சிகோ வேளாண் கல்லூரி ஆராய்ச்சியாளர் ஃபாபியான் கார்சியா பல வருட உழைப்புக்குப் பிறகு 1913இல் வெளியிட்ட ரகத்திலிருந்துதான், எந்தச் செடியில் பறித்தாலும் காரம் ஓரளவு சீராக இருக்கும் மிளகாய் இந்த மாநிலத்துக்குக் கிடைத்தது (அவர் வேலை செய்த கல்லூரி லாஸ் க்ரூசெஸில் இருக்கிறது, இன்று அதன் பெயர் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம்). சிமாயோ கிராமத்தில் மட்டும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்துப் பயிரிடும் நாட்டு ரகம் உண்டு. காய் சின்னது, கோணல்மாணலானது, விளைச்சலும் குறைவு. அதன் தூள் விலை அதிகம்தான், ஆனால் கொடுக்கலாம். இங்கே விளையாத மிளகாயை நியூ மெக்சிகோ மிளகாய் என்று விற்கக் கூடாது என்று 2011இல் சட்டமே போட்டார்கள் என்றால் போலி எவ்வளவு புழங்கியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை மிளகாய் விஷயத்தில் பருவம் முக்கியம். ஆகஸ்ட், செப்டம்பரில் கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் கம்பிவலைப் பீப்பாயில் மிளகாயைப் போட்டு, கீழே எரிவாயுத் தீ சீற, சுற்றிச் சுற்றி வறுப்பார்கள். ஊர் முழுக்க அந்த மணம்தான். 2023இல் அதையே மாநிலத்தின் அதிகாரபூர்வ மணமாகவும் ஆக்கிவிட்டார்கள். வறுத்ததும் தோல் உரித்து, பைகளில் போட்டு உறைபெட்டியில் வைத்து வருடம் முழுக்கப் பயன்படுத்துவார்கள். ஆகவே செப்டம்பரில் ஒருவர் சாப்பிட்ட பச்சைக் குழம்பும் ஜூனில் இன்னொருவர் சாப்பிட்டதும் ஒன்றாக இருக்க முடியாது. காரமும் அப்படித்தான், தண்ணீர் குறைந்து வெயிலில் வாடிய செடியின் காய் அதிகமாக உறைக்கும், நல்ல பாசனம் கிடைத்த வயலில் அதே ரகம் சாதுவாக இருக்கும். 'போன தடவை காரமே இல்லை, இந்தத் தடவை வாயே எரிந்துவிட்டது, தரம் சரியில்லை' என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் புரிந்துகொள்வதில்லை. 'இன்றைக்கு எது காரம்?' என்று பரிமாறுபவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார், வெட்கப்பட வேண்டியதில்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்பார்கள்.

சரி, இடங்கள்.

அல்புகர்க்கியில் நான்காம் தெருவில் இருக்கும் மேரி அண்ட் டீட்டோஸ்தான் என் முதல் பரிந்துரை. 1963இல் ஒரு கணவனும் மனைவியும் தொடங்கிய கடை, 2010இல் அமெரிக்க உணவகங்களுக்குப் பெரிய விருதுகள் தரும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் 'அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்' விருது வாங்கியது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சிவப்பில் கார்னே அடோவாடா வாங்குங்கள். இறைச்சி கரண்டி பட்டாலே பிரியும், குழம்பில் எண்ணெய் மிதக்காது, அலங்காரம் என்று எதுவும் இருக்காது. இந்த ஊரில் சிவப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அங்கேதான் முதலில் போக வேண்டும், மற்ற கடைகளை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சென்ட்ரல் அவென்யூவில், அதாவது பழைய ரூட் 66 சாலையில், டுரான்ஸ் என்று ஒரு கடை. மருந்துக்கடையோடு ஒட்டி வளர்ந்த சாப்பாட்டுக் கூடம் அது. அங்கே டோர்ட்டியாவுக்காகவே போகலாம். கோதுமை மாவை உருட்டித் தேய்த்துச் சுட்டு வெண்ணெய் தடவிச் சூடாகத் தருவார்கள், கொஞ்சம் கனமாக, ஆங்காங்கே கருகல் புள்ளியோடு. குழம்பு மிச்சம் இருந்தால் அதில் தொட்டுத் தட்டைத் துடைத்துவிடலாம்.

மாநிலத் தலைநகர் சாண்டா ஃபேயில் தி ஷெட். 1953இல் தொடங்கியது, இன்னும் அதே குடும்பம்தான் நடத்துகிறது. ஊர் நடுச் சதுக்கத்துக்குப் பக்கத்தில், 1692இல் கட்டியதாகச் சொல்லப்படும் மண்சுவர் வீட்டில், குனிந்து நுழைய வேண்டிய அளவுக்குத் தாழ்ந்த வாசல்கள். நீல மக்காச்சோள என்சிலாடா சிவப்பில் வாங்குங்கள். சுற்றுலாக் கூட்டம் அதிகம், விலையும் அல்புகர்க்கியைவிட அதிகம், காத்திருக்கவும் வேண்டும். அப்படி இருந்தும் குழம்பில் சமரசம் செய்யவில்லை என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். சாப்பாட்டோடு பூண்டு ரொட்டி தருவார்கள், அது ஏன் என்று குழம்பாதீர்கள், அங்கே பல காலமாக அப்படித்தான்.

வடக்கே மலைப்பாதையில் போனால் சிமாயோவில் ராஞ்சோ டி சிமாயோ, 1965இல் ஹராமியோ குடும்பம் தங்கள் பூர்வீக வீட்டையே உணவகமாக மாற்றியது, 2016இல் இதற்கும் அதே பியர்ட் விருது. தெற்கே இன்டர்ஸ்டேட் 25இல் போகும்போது சான் அன்டோனியோ என்ற குட்டி ஊரில் அவுல் பாரில் பச்சை மிளகாய்ச் சீஸ்பர்கர். இது வேறு ரகம், இலகுவான வழிச் சாப்பாடு, ஆனால் சேர்மானத்தைப் பார்த்தால் அந்த மண்ணுடையதுதான்.

பல கடைகளில் சோபாபீயா வரும். பூரி மாதிரி உப்பிய சதுர மாவு, ஓரத்தைக் கிள்ளி உள்ளே தேன் ஊற்றிக் காரத்துக்கு நடுவே கடிப்பது. கடைசியில் இனிப்பாகச் சாப்பிடலாம் என்று ஆறவிடாதீர்கள். உப்பாமல் தட்டையாக, எண்ணெய் குடித்து வந்தால் மாவோ எண்ணெயின் சூடோ சரியில்லை. ஒரு சமையலறை இன்று கவனமாக வேலை செய்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

நீங்களே விமர்சனம் எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். பிற்பகலிலேயே மூடிவிடுகிறார்கள், ஞாயிறு திறப்பதில்லை, தட்டு பிளாஸ்டிக், சிப்ஸும் சல்சாவும் இலவசமாகத் தரவில்லை என்பதற்கெல்லாம் நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள். அம்மா சமையலறையிலும் மகள் கல்லாவிலும் மருமகன் பரிமாறவும் நிற்கிற இடம் அது, இரவு ஒன்பது வரை திறந்து வைக்க ஆள் கிடையாது. நியூ மெக்சிகோவில் மிளகாய் பயிரான நிலம் 1990களின் தொடக்கத்தில் 30,000 ஏக்கருக்கு மேல் இருந்தது, இப்போது 10,000 ஏக்கர்கூட இல்லை. கையால் பறிக்க ஆள் இல்லை, தண்ணீர் இல்லை, வெளியிலிருந்து வருவது மலிவு. இந்த நிலைமையில் உள்ளூர் விவசாயியிடம் வாங்கி அரைக்கிற ஒரு கடைக்கு வாகனம் நிறுத்த இடமில்லை என்று இரண்டு நட்சத்திரம் போடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அதே சமயம் குடும்பக் கடை என்ற ஒரே காரணத்துக்காகப் பாராட்டவும் வேண்டாம். நான் விரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஒரு கட்டத்தில் சிவப்பின் சுவை அடியோடு மாறியது, டப்பாக் குழம்புக்கு உரிய அந்தப் பளபளப்பு, அந்தத் தக்காளிப் புளிப்பு. வேறு வேறு நாட்களில் மறுபடி போய்ப் பார்த்துவிட்டுத்தான், எந்த மாதம், என்ன சாப்பிட்டேன், முன்பு எப்படி இருந்தது என்று விவரமாக எழுதினேன். அப்படி எழுதினால்தான் படிப்பவருக்கும் உதவும், கடைக்காரருக்கும் திருத்திக்கொள்ள வழி கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மூன்று விஷயம் கேட்டே ஆக வேண்டும். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குகிறார்களா, பச்சைக் குழம்பில் இறைச்சி போடுகிறார்களா, சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைக்கிறார்களா. டோர்ட்டியா மாவிலும் சோபாபீயாவிலும்கூடக் கொழுப்பு இருக்கலாம், பிஸ்கோச்சிட்டோ என்ற சோம்பு மணக்கும் பிஸ்கட்டில் பாரம்பரியமாக அதுதான் சேர்மானம். கேட்டால் எரிச்சலே படமாட்டார்கள், சமையலறைக்குள் போய் விசாரித்துவிட்டு வந்தே சொல்வார்கள். சீஸ் என்சிலாடாவும் இறைச்சி சேராத சிவப்பும் பல இடங்களில் கிடைக்கும்.

வந்து இறங்கிய முதல் வாரத்தில் ஒரே ஒரு வேளைதான் வாய்க்கும் என்றால் வேலை நாளில், கூட்டம் சேருவதற்கு முன் பதினொன்றரைக்கே, நான்காம் தெருவுக்குப் போய்விடுங்கள். சிமாயோவை ஒரு சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் புனித வெள்ளியை ஒட்டி மட்டும் வேண்டாம். அந்த ஊர்த் தேவாலயத்துக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தே யாத்திரை வருவார்கள், காரில் ஊருக்குள் நுழைவதே பெரும்பாடு.