பீட்ஸ் படமும் அறுபதாம் பிரிவும் – வாசகர் கடிதம்

அன்பான அண்ணை,

போன கிழமை ‘பீட்ஸ்’ பார்த்தேன். 2019இல் வந்த ஸ்கொட்லாந்துப் படம், பிரையன் வெல்ஷ் இயக்கியது. 1994 கோடையில் ஜொன்னோ, ஸ்பானர் என்ற இரண்டு பெடியன்கள் சட்டவிரோதமான ஒரு ரேவ் பார்ட்டிக்கு, அதாவது விடிய விடிய மின்னணு இசைக்கு ஆடும் கூட்டத்துக்கு, போகும் கதை. எங்கள் நண்பர் வட்டத்தில் இதைப் பற்றிப் பெரிய சண்டை. ஒருவர் இது போதைமாத்திரைக்கு விளம்பரம் என்கிறார். இன்னொருவர் நட்பைப் பற்றி இதைவிட நல்ல படம் வந்ததில்லை என்கிறார். மூன்றாமவர், கதை இல்லாததை மறைக்கத்தான் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார்கள் என்று நீண்ட குறிப்பு எழுதியிருக்கிறார். நீங்கள் அந்தக் காலத்தில் லண்டனில் இருந்தவர். யார் சொல்வது சரி? என் மகனுக்குப் பதினாறு வயது. அவனோடு இருந்து பார்க்கலாமா?

– பெயர் வேண்டாம், ரொறன்ரோ

அன்பான தம்பி,

மூன்று பேருடைய அபிப்பிராயமும் கடிதத்தில் இருக்கிறது. உங்களுடையதைக் காணவில்லை. படத்தைப் பார்த்தவர் நீங்கள்தானே? மற்றவர்களுடைய தீர்ப்பை வரிசையாக எழுதி, கடைசியில் எனக்கு நீதவான் வேலை தருவது என்ன பழக்கம்? அந்த வேலையை நான் ஏற்கவில்லை.

கறுப்பு வெள்ளை நண்பரிடம், பார்ட்டிக் காட்சியில் நிறம் வந்தபோது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள். நட்பைப் பற்றிச் சொன்னவர் சொன்னது சரி. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. மாத்திரை விஷயம் லேசானது அல்ல. 1995 நவம்பரில் எசெக்ஸில் ஒரு பிள்ளை தன் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்தில் எக்ஸ்டஸி என்ற போதைமாத்திரை எடுத்து, அதற்குப் பிறகு அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்து இறந்துபோனாள். பிரிட்டன் முழுக்க அந்தப் பிள்ளையின் படம் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் ஒரு படத்தில் ஒருவன் மாத்திரை போடுவதாலேயே அது விளம்பரம் ஆகிவிடாது. அந்த இரண்டு பெடியன்களின் முகத்தையும் பார்த்தவருக்கு அது விளங்கியிருக்கும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் அந்தக் கோடையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 வட்டச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்த நாட்களில் அப்படி ஒரு கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தோம். இரவு பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவோம். அப்புறம் எல்லா வியாபாரமும் கண்ணாடியின் கீழிருக்கும் இழுப்புத் தட்டு வழியாகத்தான்.

சனிக்கிழமை இரவுகளில் இரண்டு கூட்டம் வரும். பதினொரு மணிக்கு பப் மூடியதும் வருவது முதல் கூட்டம். சிகரெட் பிராண்ட் ஒன்று முடிந்துவிட்டது என்று சொன்னால் கண்ணாடியில் துப்புவார்கள், பாகிஸ்தானியரை இழிவாகச் சொல்லும் ‘பாக்கி’ என்ற சொல்லால் திட்டுவார்கள், தட்டுக்குள் சில்லறையை வீசுவார்கள். இரண்டாவது கூட்டம் ஒரு மணிக்கு மேல் வரும். ஒரு காருக்குள் ஆறு பேர், மடியில் வரைபடம். ஒருவன் வெளியே இருக்கும் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடி ஏதோ இலக்கத்துக்கு அடித்து, பார்ட்டி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு வருவான். தண்ணீர், சூயிங்கம், சிகரெட் சுற்றும் தாள். காசைத் தட்டில் ஒழுங்காக அடுக்கி வைப்பார்கள். விடியும்போது திரும்பி வருகையில் கண்கள் பெரிதாக இருக்கும், சேறு முழங்கால் வரை இருக்கும், ‘உனக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும், நீயும் வா’ என்பார்கள். நான் போனதில்லை. போகவும் விரும்பவில்லை, அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் தலைவலி. ஆனால் அந்த வேலையில் என்னுடைய பெயரைக் கேட்டு, அதைச் சரியாகச் சொல்லிப் பழகிப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

சரி, இந்தப் பார்ட்டிகளை அடக்க வந்த சட்டத்துக்கு வருகிறேன். 1992 மே மாதத்தில் இங்கிலாந்தில் காசில்மோர்ட்டன் என்ற மேய்ச்சல் வெளியில் இருபதினாயிரம் பேருக்கு மேல் கூடி ஒரு கிழமை ரேவ் ஆடினார்கள். ஸ்பைரல் ட்ரைப் என்ற ஒலிக்குழுவைச் சேர்ந்த 13 பேரைப் பிடித்து நீண்ட வழக்கு நடத்தியும் கடைசியில் எல்லோரும் விடுதலை. இருக்கிற சட்டம் போதவில்லை என்று 1994 நவம்பரில் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. பொலிஸ் கலைக்கக்கூடிய கூட்டத்தின் இசை எப்படிப்பட்டது என்று சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வரி அதன் 63ஆம் பிரிவில்தான்: திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளைக் கொண்ட ஒலிகள். படத்தின் தலைப்பும் அங்கிருந்துதான். அந்த வரியை நினைத்து உலகமே இன்னும் சிரிக்கிறது. ஓட்டெக்கர் என்ற இசைக்குழு அதே ஆண்டில், எந்த இரண்டு தாளச் சுற்றுகளிலும் ஒரே அடிகள் வராதபடி ஒரு இசைத்துண்டு செய்து சட்டத்தைக் கேலி செய்தது. நல்ல கேலிதான்.

எனக்குக் கோபம் அந்தச் சிரிப்பின் மீது. சட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் இருக்க, எல்லோரும் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 65ஆம் பிரிவைப் பாருங்கள்: பார்ட்டி நடக்கும் இடத்திலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள் அங்கே போகிறவர் என்று தோன்றும் எவரையும் பொலிஸ் மறித்துத் திருப்பி அனுப்பலாம். 34ஆம் பிரிவைப் பாருங்கள்: பொலிஸ் விசாரணையில் சொல்லாமல் விட்டதைப் பின்பு நீதிமன்றத்தில் சொன்னால், அந்த மௌனத்தை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும் இலங்கைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலிருந்து தப்பி வந்த சனம் நாங்கள். வாயைத் திறக்காவிட்டால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று நம்பியிருந்தோம். 1995 ஏப்ரலோடு அதுவும் போயிற்று. ஜிப்சிகளுக்குத் தங்குமிடம் அமைத்துக்கொடுக்கும் கடமையிலிருந்து உள்ளூராட்சி மன்றங்களை விடுவித்ததும் இதே சட்டம்தான்.

அப்புறம் 60ஆம் பிரிவு. ஒரு பகுதியில் கடும் வன்முறை நடக்கலாம் என்று பொலிஸ் மேலதிகாரி ஒருவர் கையெழுத்து வைத்தால், அங்கே போகிற வருகிற எவரையும், சந்தேகம் எதுவும் இல்லாமலே, மறித்துச் சோதிக்கலாம். ஒரு நாள் விடியற்காலை வேலை முடிந்து நானும் கூட வேலை செய்த ஒருவரும் அவருடைய பழைய நிசானில் வந்துகொண்டிருந்தோம். மறித்தார்கள். காரிலிருந்து இறக்கி, கைகளை விரிக்கச் சொல்லி, பையைக் கொட்டி, மிச்சம் வைத்திருந்த புட்டுப் பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, காரணம் தேவையில்லை என்றார் அந்த இளம் பொலிஸ்காரர். கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டு வாங்கிய துண்டில் அந்தச் சட்டத்தின் பெயரும் ஆண்டும் பிரிவு இலக்கமும் இருந்தன.

அந்தச் சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு நடந்த நாட்களில் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் எங்கள் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘நல்லது, இந்தக் காவாலிகளை அடக்கத்தான் வேணும்.’ அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. அந்தக் கட்சியின் நிழல் உள்துறை அமைச்சராக இருந்த டோனி பிளேயர் சும்மா இருந்தார். ஆடுகிற பிள்ளைகள் நல்லவர்களா கெட்டவர்களா என்று நாடு விவாதித்துக்கொண்டிருந்த நேரத்தில் 60ஆம் பிரிவு சத்தமில்லாமல் உள்ளே வந்தது. உங்கள் நண்பர்கள் இத்தனை ஆண்டுகள் கழித்து அதே விவாதத்தைத்தான் நடத்துகிறார்கள். மாத்திரை சரியா, நட்பு உண்மையா, கதை இருக்கிறதா! படத்தில் ஜொன்னோவின் அம்மாவோடு வாழப்போகிற மனிதர் ஒரு பொலிஸ்காரர். நல்ல வீடு, நல்ல அயல், ஸ்பானர் மாதிரி ஆட்கள் இல்லாத தெரு என்று அந்தக் குடும்பம் புறப்படுகிறது. நாங்களும் அப்படித்தான் லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்து நகரின் வெளிப்புறத்துக்கு வீடு மாறினோம், நீங்கள் ஸ்கார்பரோவிலிருந்து மார்க்கம் நகருக்குப் போனீர்கள். மூன்று நண்பர்களில் ஒருவராவது அந்தப் பொலிஸ்காரரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாரா?

2003இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், மென்மையாக்க அல்ல. நூறு பேர் கூடினால் ரேவ் என்றிருந்ததை இருபது பேர் என்று குறைத்தார்கள்.

உங்கள் மகனிடம் மாத்திரை பற்றிப் பிறகு பேசலாம். ரொறன்ரோ பொலிஸ் தெருவில் மறித்துப் பெயரும் விலாசமும் எழுதிக்கொண்ட ‘கார்டிங்’ பற்றி அவனுக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். அதிகம் மறிக்கப்பட்டவர்கள் கறுப்பினப் பிள்ளைகள், மண்ணிறத் தோலுள்ளவர்களும் அதில் தப்பவில்லை. 2017இல்தான் ஒன்ராறியோ அதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. மறித்தால் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லத் தேவையில்லை என்பதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படித்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். ஸ்கொட்லாந்துப் பேச்சு உங்களுக்கு விளங்காது, கீழே எழுத்து ஓடவிட்டுப் பாருங்கள்.