நகராட்சி எல்லைக்குள் கொல்லையில் கோழி வளர்க்க விதிகளை மாற்றக் கோருவது எப்படி?

மயிலாடுதுறை போன்ற டெல்டா நகரமொன்றில், வீட்டுக் கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்க நகராட்சி விதியைத் திருத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முயலலாம், முயல வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் இரண்டு சட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலப் பயன்பாட்டு மண்டலங்கள் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. சுகாதாரமும் தொல்லை தடுப்பும் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்கீழ் வருகின்றன. ஆகவே இந்த மண்டலங்களை வகுக்கும் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) தொடாமல், வீட்டுத் தேவைக்கான சிறு எண்ணிக்கைக்கு மட்டும் நிபந்தனையுடன் அனுமதி தரும் மன்றத் தீர்மானத்தை வார்டு உறுப்பினர் வழியாகக் கோருவதே எளிய வழி.

அக்கம்பக்கத்தாரின் அச்சங்களுக்கு மனுவிலேயே விடை இருக்க வேண்டும். சேவல் இல்லாமலே பெட்டைகள் முட்டையிடும் என்பதால், சேவலை விலக்கினால் விடியற்காலைக் கூவல் என்ற புகார் எழாது. நாற்றந்தான் நம் பகுதியில் உண்மையான சிக்கல்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் தரையில் நீர் தேங்க, நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கூண்டும், அரிசி ஆலைகளில் தாராளமாகக் கிடைக்கும் உமியைப் பரப்பி ஈரமானதும் மாற்றுவதும் இதைப் பெரிதும் தடுக்கும். அகற்றிய உமி மக்கி நல்ல எருவாகும். கோழிகளைத் தாக்கும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி கட்டாயம் என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.