அஞ்சு காசுக்குள் பூமி

கேள்வி: படிவம் 4-இல் படிக்கும் என் மகன், எதையும் நன்றாக நசுக்கினால் கருந்துளை ஆகிவிடும் என்கிறான். அப்படியென்றால் சூரியனும் ஒருநாள் ஆகிவிடுமா? — தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பையன் சொல்வது சரிதான் அம்மா, ஆனால் நசுக்குவது யார்? கடையில் மிச்சமாகத் தரும் அஞ்சு காசை எடுத்துப் பாருங்கள், குறுக்களவு 1.8 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேமரன் மலை, கடல், செம்பனைக் காடு எல்லாவற்றோடும் மொத்தப் பூமியையும் அந்த அகலத்துக்கு உருட்டிவிட்டால், ஒளிகூட வெளியேற முடியாத கருந்துளைதான். சூரியனுக்கு 6 கிலோமீட்டர். ஆனால் தன்னைத்தானே அந்த அளவுக்கு அமுக்கிக்கொள்ளும் எடை இரண்டுக்குமே கிடையாது, அதனால் சூரியன் ஆகாது.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கும்போது அதைத் தடுப்பவை எலக்ட்ரான்கள். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்துக்குப் போகிற பஸ்சில் ஒரு சீட்டுக்கு ஒருவர்தான் என்று அடம்பிடித்தால் எப்படியோ, அப்படித்தான் இவையும். மெதுவான சீட்டுகள் நிரம்பிவிட்டதால் மற்றவை இன்னும் இன்னும் வேகமாக ஓட வேண்டிவரும், அந்த ஓட்டம்தான் வெளியே தள்ளும் அழுத்தம். ஆனால் ஒளியைவிட வேகமாக ஓட முடியாதே! எடை கூடினால் ஒரு கட்டத்தில் அழுத்தம் தோற்றுவிடும். 1930-இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இந்தக் கணக்கைப் போட்டவர் 19 வயது இயற்பியல் மாணவர் சந்திரசேகர். அந்த எல்லை சுமார் 1.4 சூரிய எடை, அதாவது நம் சூரியனைப் போல் 1.4 மடங்கு.

1935-இல் பிரபல ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் இதை வானியல் சங்கச் சபையில் வைத்தே மறுத்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. நட்சத்திரம் ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதைச் சரியாகப் பார்த்துவிட்டு, இயற்கை அப்படி நடக்க விடாது என்று நினைத்தார், அங்கேதான் சறுக்கினார். சந்திரசேகருக்கு நோபல் 1983-இல்தான் வந்தது.

1.4-ஐத் தாண்டியதும் கருந்துளையா என்றால் அதுவும் இல்லை, அப்புறம் அணுவின் நடுவில் இருக்கும் நியூட்ரான்கள் தாங்கிப் பிடிக்கும். 1939-இல் ஓப்பன்ஹைமர், வோல்காஃப் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் அதற்கு 0.7 சூரிய எடை என்று எல்லை போட்டார்கள். நியூட்ரான்கள் நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளுவதைக் கணக்கில் சேர்த்தால், இன்றைக்கு அது 2-க்குச் சற்று மேல்.

பையனிடம் சொல்ல இன்னொன்று. மிகப் பெரிய நட்சத்திரங்கள் சில, கருந்துளை ஆகாமலே மிச்சம் மீதி இல்லாமல் வெடித்துச் சிதறிவிடும். அதனால் ஏறக்குறைய 50 முதல் 130 சூரிய எடை வரை கருந்துளை இருக்கக் கூடாது என்பது கணக்கு. ஆனால் 2019 மே மாதம் வந்த ஈர்ப்பு அலையில் (கருந்துளைகள் மோதும்போது வெளியில் பரவும் அதிர்வு) சுமார் 85 சூரிய எடையுள்ள ஒன்று மாட்டியது. இரண்டு சின்னக் கருந்துளைகள் முன்பே இணைந்து உருவானதாக இருக்கலாம் என்கிறார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை.