கண் திரையில், கால் எங்கே?

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகனுக்கு 19 வயது. நண்பர்களோடு தண்டவாளத்தில் நின்று, பின்னால் ரயில் வரும்போது செல்ஃபி எடுத்திருக்கிறான். அருவிப் பாறை நுனியில் எடுத்த படமும் இருக்கிறது. திட்டினேன், போனைப் பிடுங்கி வைத்தேன். இப்போது நண்பனின் போனில் எடுக்கிறானாம். எதையும் என்னிடம் காட்டுவதில்லை. கேட்டால், "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறான். என்ன செய்வது?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

முதலில் போனைத் திருப்பிக் கொடுங்கள். படம் எடுப்பது நிற்கவில்லை. உங்களுக்குத் தெரியவருவதுதான் நின்றுபோனது.

"ஒண்ணும் ஆகாது" என்பது திமிர் அல்ல. பலமுறை அதிர்ஷ்டத்தால் தப்பியதை மனம் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. நண்பர்கள் பார்க்கும்போது இந்த வயதில் துணிச்சல் கூடும் என்பதை 2005-இல் வந்த ஓர் ஆய்வு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்தே காட்டியது. ஆகவே அவன் தனியாக இருக்கும்போது பேசுங்கள். பயமுறுத்தாமல் கணக்குப் போடச் சொல்லுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் நொடிக்கு சுமார் 28 மீட்டர் கடக்கும். சிரித்து, பட்டனை அழுத்தி, படத்தைச் சரிபார்க்க 5 நொடி என்றால் 140 மீட்டர். செல்ஃபி கேமராவின் அகலக் கோணம் ரயிலை இன்னும் தூரத்தில் இருப்பதாகக் காட்டும். ரயில் பெட்டி தண்டவாளத்துக்கு வெளியேயும் நீண்டிருப்பதால், ஓரமாக ஒதுங்கி நின்றாலும் அடிபடும்.

எனக்கு ரயில் படத்தைவிட அருவிப் படம்தான் அதிகக் கவலை தருகிறது. 2011 முதல் 2017 வரை செய்திகளில் வந்த 259 செல்ஃபி மரணங்களை ஆராய்ந்தபோது, நீரில் மூழ்கியதே முதல் காரணமாக இருந்தது. எல்லோரையும் ஃபிரேமுக்குள் கொண்டுவரப் பின்னால் வைக்கும் ஓர் அடி, பாசி படிந்த பாறையில் விழுகிறது. தலை அடிபட்டால் நீச்சல் உதவாது.

தடை போடுவதைவிட ஒரு பழக்கம் கற்றுக்கொடுங்கள்: போன் மேலே என்றால் கால் அசையாது; கால் நகர வேண்டுமென்றால் போன் கீழே. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போடா" என்று யாராவது சொன்னால், "நீ முன்னாடி வந்து எடு" என்ற பதிலை இப்போதே வாயில் பழகட்டும். கூட்டத்தில் கேமராவைப் பார்க்காமல் சுற்றுப்புறத்தைக் கவனிக்கும் ஆள் ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். விளிம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று, இன்னொருவர் தாழ்ந்த கோணத்தில் எடுத்தாலும் விளிம்பில் நிற்பதுபோலவே தெரியும். லைக் போடுகிறவர்களுக்கு வித்தியாசம் புரியாது. தண்டவாளத்துக்கு மட்டும் இப்படி மாற்று வழி கிடையாது. அங்கே போகவே கூடாது.

அண்மையில் தூக்கம் கெட்டு, ஒதுங்கி, "இருந்தென்ன செத்தென்ன" என்பதுபோல் பேசுகிறானா? அப்படியானால் சாக வேண்டுமென்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அவனைத் தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.