கல்யாணம் ஆனால் ஆயுசு கூடுமா?

கேள்வி: "கல்யாணம் ஆனவர்கள்தான் ஆரோக்கியமாக, நீண்ட நாள் இருப்பார்கள் என்று ஆராய்ச்சியே சொல்கிறது என்கிறார் என் அத்தை. எனக்கு 30 வயது ஆகப்போகிறது. இது உண்மையா, இல்லை என்னைச் சம்மதிக்க வைக்கச் சொல்வதா?"

உங்கள் அத்தை பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். நான் டாக்டர் இல்லை, மருந்துக்கடை வைத்திருப்பவன். கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்திருக்கிறேன்.

இந்தப் பேச்சு ரொம்பப் பழையது. 1858-லேயே வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலேயர் பிரான்ஸ் நாட்டு இறப்புக் கணக்கை எடுத்து மணமானவர்கள், மணமாகாதவர்கள், துணையை இழந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தார். மொத்தத்தில் மணமானவர்கள் நிலை மேலாகவும் துணையை இழந்தவர்கள் நிலை மோசமாகவும் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், தீராத நோய் உள்ளவருக்கு வரன் அமைவதே கஷ்டம். திடகாத்திரமானவருக்குச் சீக்கிரம் அமைந்துவிடும். அதனால் இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு தாலி ஏறுவதற்கு முன்பே இருந்ததுதான்.

நான் படித்ததில் மறக்க முடியாதது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர், ரொனால்டு கிளேசர் இருவரும் குழுவோடு செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு. (இவர்களே கணவன் மனைவிதான்.) 42 தம்பதிகளை வரவழைத்து, முன்கையில் சின்னச் சின்னக் கொப்புளங்களை உண்டாக்கி, ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தார்கள். இப்படி இரண்டு தடவை. முதல் தடவை ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். அடுத்த தடவை, வீட்டில் எதற்காக அடிக்கடி சண்டை வருமோ அதையே பேசச் சொன்னார்கள். சண்டைப் பேச்சுக்குப் பிறகு அந்தப் புண் ஆற ஒரு நாள் கூடுதலாக ஆனது. எப்போதும் வெறுப்போடு பேசிக்கொள்ளும் தம்பதிகளுக்கு, மற்றவர்களுக்கு ஆறும் வேகத்தில் 60 சதவீதம்தான். புண் ஆறத் தொடங்குவதற்கு அந்த இடத்தில் சைட்டோகைன் என்ற புரதங்கள் சுரக்க வேண்டும். சண்டைக்குப் பிறகு புண்ணில் அது குறைந்திருக்கிறது. அந்த வெறுப்புத் தம்பதிகளுக்கு மறுநாள் காலை ரத்தத்தில் பார்த்தால், தேவையில்லாத அங்கே கூடியிருக்கிறது. அரை மணி நேரப் பேச்சுக்கே இப்படி என்றால், வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் அத்தை சொல்லாத பாதி இனிமேல்தான் வருகிறது. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-லிருந்து இதயநோய் ஆய்வு நடந்துவருகிறது. அதில் கலந்துகொண்டவர்களின் அடுத்த தலைமுறையைப் பத்து வருடம் கவனித்து 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. மணமான ஆண்கள் அந்தப் பத்து வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, மணமாகாத ஆண்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்டப் பாதிதான். சரி, பெண்களுக்கு? கணவனோடு சண்டை வரும்போது வாயை மூடிக்கொள்ளும் பெண்கள், மனதில் பட்டதைச் சொல்லிவிடும் பெண்களைவிட இறக்கும் அபாயம் நான்கு மடங்கு. ஆண்களிடம் மௌனம் இப்படி எதையும் செய்யவில்லை. நம் ஊரில் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று யாரிடம் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

என் கடையிலும் இதைத்தான் பார்க்கிறேன். புருஷனுடைய பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரைச் சீட்டோடு பெரும்பாலும் மனைவிதான் வருவார். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருக்கு ஒரு மாதத்துக்கு வாங்கிவிட்டுத் தனக்கு என்று வரும்போது, "எனக்கு ஒரு அட்டை போதும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். அந்த அப்புறம் பல சமயம் வருவதில்லை. புருஷனுக்குச் சுகர் வந்தால் வீட்டுச் சமையலே மாறிவிடுகிறது. மனைவிக்கு வந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அவர் பாட்டுக்கு மிச்சம் மீதி சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆண்களுக்குக் கல்யாணத்தால் வரும் ஆயுசில் ஒரு பங்கு இப்படி ஒருத்தி கவனித்துக்கொள்வதால் வருவது என்பது என் எண்ணம். விதிவிலக்குகள் உண்டு. மனைவிக்கு இன்சுலின் வாங்க ஐஸ் கட்டி போட்ட டப்பாவோடு நேரம் தவறாமல் வரும் ஒரு பெரியவர் என் வாடிக்கையாளர்.

அடி உதை உள்ள வீட்டைப் பற்றிப் பேசும்போது இந்த அனுசரிப்புக் கணக்கே வேண்டாம். 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

தனியாக இருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று பயப்படவும் வேண்டாம். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் மற்றவர்களும் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் எழுதியதில், நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று வந்தது. அங்கே உறவு என்றால் கணவன் மனைவி மட்டும் கிடையாது. அக்கா தங்கை, நண்பர்கள், அக்கம்பக்கம் எல்லாம் கணக்கில் சேர்த்தி. இதே ஹோல்ட்-லன்ஸ்டாட் 2008-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சந்தோஷமில்லாத மணவாழ்க்கையில் இருப்பவர்களைவிட மணமாகாதவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவாக இருந்தது. அத்தையிடம் இதையும் காட்டலாம்.

கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரன் பார்க்கும்போது ஜாதகம், சம்பளம், சொந்த வீடு எல்லாம் கேட்பார்கள், கேட்கட்டும். நீங்கள் அந்தப் பையனிடம் தனியாகப் பேசும்போது, அவன் அம்மா தினமும் என்னென்ன மாத்திரை போடுகிறார், கடைசியாக அவரை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது என்று சாதாரணமாகக் கேளுங்கள். "அதெல்லாம் அம்மாவே பார்த்துப்பாங்க" என்று பதில் வந்தால், முடிவெடுக்க இன்னும் கொஞ்சம் நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.